எழுமுன் அழித்திடுக!

அண்மையில் துறையின் பொதுக் கணிப்பொறியில் நாம் அமர்ந்தபோது, முன்னர் அமர்ந்திருந்த மாணவர் தேடிய நோயின் பெயர் திரையில் தோன்றிற்று. அவர் யார் என்பதை மூடாது விடப்பட்ட மின்னஞ்சல் காட்டிற்று. பிறர் மடலைப் பிரித்தவர் போல் நாம் நாணினோம்.

நாம் சென்ற தளங்களையெல்லாம் உலாவி வரிசையாகக் குறித்து வைக்கிறது. 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கிய ‘குக்கீ’ என்னும் சிறு குறிப்போ, வந்தவர் இன்னார் எனத் தளங்களுக்கு அடையாளம் காட்டுகிறது. குரோம் உலாவியில் கன்ட்ரோல், ஷிப்ட், டெலீட் விசைகளை ஒருசேர அழுத்தி, எல்லாக் காலத்தையும் தேர்ந்து அழித்தால் இவை கணிப்பொறியினின்று நீங்கும். எனினும், தளங்கள் தம்மிடத்தே எழுதிக்கொண்ட கணக்கு அதனால் அழியாது என்பதையும் உணர்தல் வேண்டும்.

இளையோர் ஒன்றை மறைத்தாலே தவறிழைத்தனர் எனக் கருதுதல் முறையன்று. நோயும் வறுமையும் மனக்கவலையும் மறைத்தற்குரியனவே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

மாணவச் செல்வங்களே! இருக்கையை விட்டு எழுமுன் சுவடுகளை அழித்திடுங்கள். பெரியோர்களே! ஏன் அழித்தாய் என வினவாதிருங்கள்.