ஒரே ஊர்தியில்

நாட்டின் தலைமக்கள் ஒரே விமானத்தில் செல்லலாகாது என்னும் விதியை நம் இராணுவம் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. 1963 நவம்பர் 22 அன்று பூஞ்ச் அருகே ஒரு ஹெலிகாப்டர் வீழ்ந்தது. இரு லெப்டினன்ட் ஜெனரல்கள், விமானப்படையின் பின்டோ உள்ளிட்ட அறுவர் மாண்டனர். (கென்னடி கொலையுண்டதும் அதே நாளில்தான், உலகம் இவர்களை எங்கே கவனித்திருக்கும்!) உயர்தளபதிகள் சேர்ந்து பறப்பதற்குத் தடை அதன் பின்னரே வந்தது. அத்தடை அரசியலாரை எட்டவில்லை. 2005 மார்ச் 31 அன்று ஹரியானா அமைச்சர்கள் ஜிந்தால், சுரேந்தர் சிங் இருவரும் ஒரே ஹெலிகாப்டரில் மடிந்தனர்.

எனினும், பிரித்து அனுப்பிவிட்டால் போதுமா? 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்து வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதினால்வரில் ஒருவரும் எஞ்சவில்லை. முப்படைகளின் தளபதிகள் எவரும் அதில் இல்லை. அவ்வகையில் விதி காக்கப்பட்டது. சதியா, மேகமா, விமானியின் பிழையா என்று வாதிட்ட நாம், அடுத்து வருபவர் யார் என்று கேட்க மறந்தோம். அவ்விருக்கை 2022 செப்டம்பர் 30 வரை, ஒன்பது மாதங்களுக்கு மேல், வெறுமையாகக் கிடந்தது.

போலந்தை நோக்குவோம். 2010 ஏப்ரல் 10 அன்று குடியரசுத் தலைவர் கசின்ஸ்கியையும் படைத்தளபதிகளையும் ஒரே விமானத்தில் ஏற்றி, ஸ்மோலென்ஸ்கில் 96 உயிர்களை இழந்தது அந்நாடு. அறிவீனம் என்றே சொல்வோம். ஆயினும், அரசியல் சாசனப்படி நாடாளுமன்றத் தலைவர் கொமரோவ்ஸ்கி அன்றே பொறுப்பேற்றார். நம் சோழரும் இதை அறிந்திருந்தனர். கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேல் மாண்டபோது, இளவல் இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடினான். உடன்பிறந்தார் இருவரும் ஒரே களத்தில் நின்றது பிழைதான். ஆனால் முடி யாருக்கு என்பதில் ஐயமில்லை.

தரைப்படைத் தளபதி நரவணே தளபதிகள் குழுவுக்குத் தலைமை ஏற்றாரே என்பர் சிலர். அது பழைய ஏற்பாடு. அது போதாது என்றுதானே 2019இல் புதிய பதவியை உருவாக்கினார்கள்? அப்பதவிக்கு யார் தகுதியுடையர் என்னும் விதியைக்கூட 2022 ஜூனில்தான் திருத்தி முடித்தார்கள்.