ஐயம் வேறு, திரிபு வேறு!

மாலை மங்கலில் வழியிற் கிடப்பது கயிறோ பாம்போ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றோ பாம்பைக் கயிறென்றோ உறுதியாகக் கொள்வது திரிபு. விளக்கெடுத்து வந்து உள்ளதை உள்ளவாறு காண்பது மெய்யறிவு. இம் மூன்றையும் வேறு பிரித்தறியாமையே, கைப்பேசி உடலுக்குத் தீங்கு செய்யுமா என்னும் வழக்கு இன்றுவரை தெளிவின்றிக் கிடத்தற்குக் கரணியம்.

2011ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒரு முடிவை வெளியிட்டது. பிரான்சு நாட்டு இலியோன் நகரில் 14 நாட்டு வல்லுநர் 31 பேர் கூடி ஆய்ந்து, கைப்பேசி முதலியவை பயன்படுத்தும் வானலைகளை ‘2பி’ என்னும் வகுப்பில் வைத்தனர். ‘புற்றுநோயை விளைவிக்கவும் கூடும்’ என்பதே அவ் வகுப்பின் பொருள். ‘விளைவிக்கும்’ என்று துணிந்து கூறும் முதல் வகுப்பு வேறு. புகையிலை, கள், சாராயம், கல்நார், பாக்கு ஆகியன அம் முதல் வகுப்பில் உள்ளன. ‘2பி’ வகுப்பிலோ, ஆசிய நாடுகளில் மரபுமுறையில் ஊறவைக்கும் காய்கறியும் இடம்பெற்றுள்ளது. வல்லுநர் உரைத்தது ஐயம். ‘கூடும்’ என்னும் சொல்லை விழுங்கிவிட்டுக் ‘கைப்பேசி புற்றுநோய் தரும்’ என்பாரும், ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்பதைத் ‘தீங்கே இல்லை’ எனப் புரட்டுவாரும் கொண்டிருப்பது திரிபு.

விளக்கை எடுத்துப் பார்ப்போர்க்குச் சில செய்திகள் தெளிவாகவே புலப்படும். ஊடுகதிர், அணுவினின்று எதிர்மின்னியைப் பிரித்தெறியும் வலிமையுடையது. ஆதலால் உயிரணுவின் மரபிழையைச் சிதைக்க வல்லது. கைப்பேசியின் வானலைக்கு அவ் வலிமை இல்லை. வீட்டு விளக்கொளியின் ஒரு துகள், இவ் வலையின் ஒரு துகளைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றலுடையது. வானலை தசையைச் சூடேற்றும் என்பது ஒன்றே ஐயமற அறியப்பட்டது. அதனைக் கருதியே அரசுகள் வரம்பு கட்டின. இந்திய நடுவணரசு, 2012 செப்தம்பர் 1 முதல், ஒரு கிராம் தசையளவிற் கணக்கிட்டுக் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மிகாதிருத்தல் வேண்டும் எனக் கைப்பேசிக்கு வரம்பு வகுத்தது. விழிப்புள்ள அரசிருந்தால் வரம்பு ஏட்டளவில் நின்றுவிடாது. 2023 செப்தம்பரில், கைகால்களுக்குரிய அளவு 4 வாட்டாக இருக்க, ஐபோன் 12 கைப்பேசியில் 5.74 வாட்டு இருப்பதை அளந்து கண்ட பிரான்சு அரசு, அதன் விற்பனையை உடனே நிறுத்தியது.

இனி மக்களிடம் நிகழ்ந்த ஆய்வுகள். தென்மார்க்கில் 3,58,403 கைப்பேசிப் பயனாளரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2011இலும், பிரித்தானியாவில் ஏறத்தாழ 7,76,000 பெண்டிரை ஆய்ந்த ஆய்வு 2022இலும் வெளிவந்தன. இரண்டிலும் மூளைக்கட்டி மிகுந்ததாகத் தெரியவில்லை. 13 நாடுகளில் நிகழ்ந்து 2010இல் வெளியான ஆய்வில், மிக நீண்ட பொழுது பேசிய பத்திலொரு பங்கினரிடம் மட்டும் சற்றே மிகுதி காணப்பட்டது. நினைவுப் பிழையால் நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்று ஆய்ந்தவர்களே அடக்கத்தோடு உரைத்தனர். அமெரிக்காவில், நாள்தோறும் 9 மணிநேரமாக 2 ஆண்டுகள் உடல் முழுதும் கதிர்பட்ட ஆண் எலிகளுள் சிலவற்றின் நெஞ்சாங்குலையில் கட்டி தோன்றியதென 2018இல் அறிவித்தனர். ஆயின், கதிர்பட்ட அவ் வாண் எலிகளே கதிர்படாதவற்றினும் நெடுநாள் வாழ்ந்தன! உலக நலவாழ்வு நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளைத் திரட்டி நோக்கி 2024இல் வெளியான தொகுப்பும், கைப்பேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை. விளக்கு நெருங்க நெருங்கக் கயிறாகவே தோன்றுகின்றது. எனினும், விளக்கை அணைத்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. ஆய்வு தொடர்தல் வேண்டும்.

திரிபினால் விளைந்த கேடுகளையும் எண்ணிப் பார்க்க! 2020இல், ஐந்தாம் தலைமுறை அலையே கொரோனாத் தொற்றைப் பரப்பியது என்னும் பொய்யை நம்பிப் பிரித்தானியாவில் அலைக்கோபுரங்களுக்குத் தீ வைத்தனர். இந்தியாவில், குவாலியரில் புற்றுநோயுற்ற எளியவர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் வீட்டருகே இருந்த கோபுரத்தை நிறுத்துமாறு 2017இல் உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. அவருற்ற நோயும் துன்பமும் மெய். கோபுரந்தான் கரணியம் என்பதோ மெய்ப்பிக்கப்படாதது. கோபுரம் தொலைவிற் சென்றால் கைப்பேசி அதனை எட்டுதற்குத் தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். காதோடு ஒட்டிய கருவியினின்று தலை ஏற்கும் கதிர் மிகும். கோபுரத்தை விரட்டியவர் தம் தலைக்கே கதிரை மிகுத்துக் கொள்கின்றார்.

வாயில் பாக்கையும் புகையிலையையும் அடக்கிக்கொண்டே கோபுரத்தைக் கண்டு நடுங்குவாரை என்னென்பது? முதல் வகுப்புத் தீங்கு வாய்க்குள் இருக்கின்றது! அவ்வாறே, ஊர்தி ஓட்டுங்கால் கைப்பேசியில் பேசுவோர்க்கு நேர்ச்சி வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. இதில் ஐயமும் இல்லை, திரிபும் இல்லை. ஆயினும், சாலையில் ஒரு கையாற் பேசிச் செல்வோரைத் தடுக்க ஊர்வலம் போவாரைக் காணோம்.

ஐயம் எஞ்சியிருக்கும் வரை அளவோடு காத்துக்கொள்ளுதல் அறிவுடையார் செயல். நெடிது பேசுங்கால் செவிப்பொறியைப் பயன்படுத்துக! அலை மெலிந்த இடத்தில் பேச்சைச் சுருக்குக! குழந்தைகள் கையில் நாழிகைக் கணக்கிற் கொடாதிருக்க! பல கைப்பேசிகளில் *#07# என அழுத்தினால் அதன் கதிரேற்பு அளவு தோன்றும். அவ் வெண்ணின் பொருளை உழவரும் கூலித் தொழிலாளரும் உணருமாறு தாய்மொழியில் விளக்குதலும், கோபுரந்தோறும் கதிரை அளந்து ஊரறிய எழுதி வைத்தலும் அரசின் நீங்காக் கடன். தம் மொழியில் அளவு சொல்லப்படாத மக்களிடம் அச்சத்தை விற்பதும் எளிது. கருவியை விற்பதும் எளிது. விளக்கை மக்கள் கையிற் கொடுக்க வேண்டும்; பாம்பா கயிறா என்பதை அவர்களே கண்டுகொள்வர்.