தண்ணீர்தான் இல்லை... ஆபத்து இருக்கிறது!

பாய் என்றால் கடல். சக்கரம் என்றால் ரோடு. இரண்டையும் ஒரே பலகையில் பூட்டினால் என்ன ஆகும்?

விண்ட்சர்ஃபிங் பலகையில் நின்றபடி, கையில் பாயைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சீறிப் போகிறவர்களை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதே பாயை நாலு சக்கரம் வைத்த பலகையில் பொருத்தித் தரையிலேயே ஓட்டுகிறார்கள் சிலர். பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளின் அகன்ற கடற்கரைகள், அமெரிக்காவின் வறண்ட ஏரிப் படுகைகள், விமானம் இறங்காத பழைய ஓடுதளங்கள்... இவைதான் இந்தக் காற்று விளையாட்டுகளுக்கு ஏற்ற மைதானங்கள்.

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பல பேர் வெளிநாட்டில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். நாளைக்கே ஒருவன் போன் பண்ணி, "தண்ணியே கிடையாதும்மா, தரையிலதான். மூழ்கவே முடியாது, பயப்படாதே!" என்று சொல்லலாம். நீச்சல் தெரியாத பிள்ளையைப் பெற்றவள் அதைக் கேட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாள்.

அந்த நிம்மதி தப்பு என்பதுதான் என் கட்சி.

முதலில் விளையாட்டின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். காற்றை வைத்துத் தரையில் வண்டி ஓட்டுவது நேற்று வந்த பைத்தியம் அல்ல. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஹாலந்தில் சைமன் ஸ்டெவின் என்ற கணித மேதை, இளவரசர் மோரிஸுக்காகப் பாய் கட்டிய வண்டி ஒன்றைச் செய்து கடற்கரையில் ஓட விட்டார். ஐரோப்பாவில் தசம எண்களைப் பரப்பியவரும் இதே ஆசாமிதான். பெல்ஜியத்தின் டி பான் கடற்கரையில் 1898-இல் டூமோன் சகோதரர்கள் பாய் வண்டி ஓட்டினார்கள். 1909-இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய லூயி பிளெரியோவுக்கும் இந்தப் பாய் வண்டி மோகம் இருந்தது.

நின்றுகொண்டு ஓட்டும் பாய்ப் பலகை பிற்பாடு வந்தது. இங்கிலாந்தில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் 1958-இல் ஒரு பலகையில் பாய் கட்டி விளையாடியிருக்கிறான். அமெரிக்காவில் நியூமன் டார்பி 1965-இல் தன் பலகையைப் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் இருவரும் கலிஃபோர்னியாவில் 1968-இல் காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள். எந்தப் பக்கமும் சாய்கிற, சுழல்கிற மூட்டில் பாய்மரத்தை நிறுத்தியதுதான் அவர்களுடைய சூட்சுமம். அந்த மூட்டு இருந்தால் போதும், அடியில் இருப்பது அலையா, சக்கரமா என்று பாய்க்குக் கவலை இல்லை!

உடம்புக்கும் நல்லதுதான். இல்லை என்று சொல்லவில்லை. தொடை, இடுப்பு, முதுகு, தோள், முன்கை எல்லாமே வேலை செய்கின்றன. சமநிலை கூடுகிறது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்த பிள்ளை இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் நிற்கிறானே, அதுவே பெரிய விஷயம்.

அப்படியானால் பிரச்னை என்ன? பிரச்னை, விழுகிற இடத்தில் இருக்கிறது.

கடலில் விண்ட்சர்ஃபிங் பழகுகிறவர் முதல் நாளில் எத்தனை தடவை விழுவார்? எண்ணி மாளாது. விழுவதுதான் பாடமே. தண்ணீர் வழிவிட்டு வாங்கிக்கொள்ளும். அதே மனிதர் சிமெண்டுத் தளத்தில் அப்படி விழுந்தால்? ஐந்தடிக்குக் கொஞ்சம் அதிகமான உயரத்தில் இருக்கும் தலை, தடுப்பில்லாமல் கீழே வந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இது பலகை நின்ற இடத்தில் நிற்கும்போது. ஓடும்போது அந்த வேகமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு சங்கதி. தண்ணீர் பலகையைப் பிடித்து இழுக்கும்; சக்கரத்துக்கு அந்தத் தடை ரொம்பக் குறைச்சல். அதனால் கடலில் சோம்பலாகப் போகிற காற்றே தரையில் குதிரையாகிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீது அதன் தள்ளல் நாலு மடங்கு. போதாக்குறைக்கு, வண்டி ஓட ஓட எதிர்க்காற்றும் சேர்வதால், வீசும் காற்றைவிட வேகமாகவே பாய் வண்டி போகும். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் ஏரியில் கிளென் ஆஷ்பி ஓட்டிய வண்டி மணிக்கு 222.4 கிலோமீட்டர் தொட்டது. அப்போது வீசிய காற்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான்! அது உட்கார்ந்து ஓட்டும் பிரத்யேக வண்டி. பலகையில் நிற்பவர் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஆனால் சூத்திரம் ஒன்றுதான்.

பலகைக்குப் பிரேக்கும் கிடையாது. காற்றை நோக்கித் திருப்ப வேண்டும், அல்லது பாயை விட்டுவிட வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு அவசரத்தில் கை எதைச் செய்யும்? பாயை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்!

இனி, ஒவ்வொரு அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டிய எலும்பு ஒன்று. ஸ்கேஃபாய்டு என்று பெயர். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. கிரேக்க மொழியில் படகு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சக்கர விளையாட்டில் விழுகிறவர் தன்னையறியாமல் கையை ஊன்றுவார். இந்தக் குட்டிப் படகு அப்போதுதான் உடையும்.

இதன் வில்லத்தனம், வலி அதிகம் இருக்காது. வீக்கமும் லேசாகத்தான் இருக்கும். முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போகலாம். "சுளுக்குதான், தைலம் தடவினா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுவோம். ஆனால் இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்துக் கோடியிலிருந்து உள்ளே வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் மறு கோடிக்கு ரத்தம் போகாமல் எலும்பு ஒட்டாது. சில சமயம் அந்தத் துண்டு செத்தும் போகும். பிறகு ஆயுசுக்கும் மணிக்கட்டு வலி.

ஆகவே கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை நீட்டினால் அதன் அடியில் மணிக்கட்டில் ஒரு குழி விழுகிறதே, அங்கே அழுத்திப் பாருங்கள். வலித்தால் எலும்பு டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாட்களில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். "இன்னொரு எக்ஸ்ரேயா? காசு பிடுங்கறாங்க" என்று முணுமுணுக்காதீர்கள். இதில் நியாயம் டாக்டர் பக்கம்.

தலையில் அடிபட்டால் இன்னும் உஷார். வாந்தி, அதிகத் தூக்கம், குழப்பமான பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்ற பேச்சே கூடாது. தோல் உரிந்து மண் ஏறிய காயத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

"அப்ப, வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்றால், அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். வளர்ந்த பிள்ளையிடம் 'கூடாது' என்றால் உங்களுக்குச் சொல்லாமல் செய்வான். அவ்வளவுதான் வித்தியாசம். தடுக்காதீர்கள், நிபந்தனை போடுங்கள்.

ஒன்று, பாயை வாங்கும் முன் ஹெல்மெட். பின்மண்டையையும் மூடுகிற ஸ்கேட்போர்டு ஹெல்மெட் நல்லது. இரண்டு, மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு. ஸ்னோபோர்டு விளையாட்டில் நடந்த ஆய்வுகள், மணிக்கட்டுக் காப்பு போட்டவர்களுக்கு அங்கே காயம் குறைவு என்றே சொல்கின்றன. கைப்பிடியைப் பிடிக்க இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைப்பார்கள். பிடித்துப் பார்த்து, தோதானதை வாங்கச் சொல்லுங்கள். மூன்று, சின்னப் பாய், மிதமான காற்று. பாயை இடுப்போடு கொக்கி மாட்டிக்கொள்ளும் வித்தை ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். சக்கரத்தில் ஒரு கல் தடுக்கினால் பாயோடு சேர்ந்து பறக்க வேண்டியதுதான். நான்கு, தெருவில் கூடவே கூடாது. காருக்கும் காற்றுக்கும் நடுவே மனுஷன் நிற்கக் கூடாது.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் பேரமே இல்லை. 5 வயதுக்குக் கீழே ஸ்கேட்போர்டே வேண்டாம், 10 வயது வரை பெரியவர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வெறும் பலகைக்கே இப்படி. பாய் கட்டிய பலகைக்கு?

இதையெல்லாம் படித்துவிட்டு, "நம்ம மெரினாவிலே விட்டுப் பார்த்தா என்ன?" என்று யாராவது கிளம்பலாம். அங்கே இது சரிப்படாது. டி பான் பக்கம் கடல் ஏறி இறங்கும் உயரம் சாதாரணமாக 3 மீட்டரைத் தாண்டும். நீர் வடிந்ததும் ஈரமான, கெட்டியான மணல் அகலமாக வெளியே வரும். அதுதான் சக்கரத்துக்குத் தளம். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மிச்சமெல்லாம் சக்கரம் புதைகிற மணல். அதோடு அந்தக் கூட்டம், சுண்டல்காரர், குழந்தைகள்!

ஆகவே, அந்தப் போன் வரும்போது "தண்ணியிலயா, தரையிலயா?" என்று கேட்காதீர்கள். "ஹெல்மெட் வாங்கிட்டியா? கைக்கு என்ன போட்டுக்கப் போறே? எந்த இடத்துல ஓட்டறே? யார் சொல்லித் தர்றாங்க?" என்று கேளுங்கள். நாலுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால், சந்தோஷமாகச் சரி சொல்லுங்கள். பதில் வரும்வரை பாய் சுருட்டியபடியே இருக்கட்டும்.