எங்கள் பீரப்பாவை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

'நீ தமிழனா, முஸ்லிமா?' வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்திலும் கேட்டார்கள், வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் கேட்டார்கள். நான் தக்கலைக்காரன். எங்கள் ஊரில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா, எங்கள் வாயில் பீரப்பா, தென்காசியில் பிறந்தவர். தறி நெய்து வயிறு கழுவியவர். பாடியதெல்லாம் தமிழில். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானப்பூட்டு, பிஸ்மில் குறம்... சிங்கனும் சிங்கியும் கேள்வியும் பதிலுமாகப் பேசும் குறவஞ்சிக்குள் இறைஞானத்தைக் கொண்டுவந்து வைத்தார். இதற்கு மேலும் எந்தத் தமிழை நான் காட்ட வேண்டும்?

கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தேன். இஸ்லாமியத் தமிழுக்கு ஒரே வகுப்பு. உமறுப்புலவரோடு மணி அடித்துவிட்டது. சித்தர்களுக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது. அவர்கள் பேச்சையே பேசிய பீரப்பாவுக்கு ஒரு நிமிடம் இல்லை. எழுந்து கேட்டேன். "அது உங்க மதப்பாட்டுல்லா" என்றார் பேராசிரியர். தேவாரம் இலக்கியம், திருவாசகம் இலக்கியம், எங்கள் பீரப்பா பாடியது மட்டும் மதமா?

அதையாவது பொறுத்துக்கொண்டேன். ரஜப் மாதத்து ஆண்டுவிழா இரவில் விடிய விடிய ஞானப்புகழ்ச்சி பாடும் கூட்டத்தில் என் வாப்பாவின் குரலும் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற நெசவாளி; பாட்டெல்லாம் நெஞ்சில். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மச்சான் அந்த மனிதரிடம், "இதெல்லாம் பித்அத் மாமா, விட்டுருங்க" என்றார். மார்க்கத்தில் இல்லாததைப் புதிதாகப் புகுத்துவது என்று அர்த்தம். வாப்பா பதில் பேசவில்லை. அடுத்த வருடம் பாடப் போகவும் இல்லை. அவர் மவுத்தாகி இத்தனை காலமாகியும் அந்தச் சொல் எனக்கு ஆறவில்லை.

சொந்த மதத்தாரே ஒதுக்கிய கதை எங்களுக்கு மட்டுமல்ல. கோர்தோபாவில் பிறந்து 1204-இல் எகிப்தில் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தன் பெரிய தத்துவ நூலை அரபியில்தான் எழுதினார். 1230-களில் தெற்குப் பிரான்சில் அதற்குத் தடை போட்டவர்கள் யூத குருமார்களே. இன்று அவரை விட்டுவிட்டு யூதச் சிந்தனையைப் பற்றிப் பேச முடியுமா? எங்களுக்கும் அத்தனை நூற்றாண்டு ஆகவேண்டுமா? பாடத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்களே!

என் மகள் பள்ளியில் தமிழ் படிக்கிறாள், மதரஸாவில் குர்ஆன் ஓதுகிறாள். இரண்டு இடத்திலும் பீரப்பாவின் பெயர் அவள் காதில் விழவில்லை. அதுவும் தக்கலையில்! தமிழ் சொல்லித்தரும் ஐயாமார்களே, மார்க்கம் சொல்லித்தரும் ஆலிம்களே, அவளுக்கு உங்களில் யார் பதில் சொல்வது?