வீடு நிறையப் புத்தகம்! யாரிடம் போகட்டும்?

மரக்காணம் உப்பளக் கரையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். உப்புக் காற்று எதையும் சும்மா விடாது.

கதவுக் கீல் துருப்பிடிக்கும். சைக்கிள் துருப்பிடிக்கும். புத்தகமும் துருப்பிடிக்கும்!

"புத்தகம் எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்கலாம். பழைய வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு இரும்புக் கம்பி குத்தியிருக்கும். அது துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்புக் கறை படிந்திருக்கும். இழுத்தால் பக்கம் கையோடு வந்துவிடும்.

உப்பு ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பே கசிந்து தண்ணீராகிவிடும். கடலோர வீட்டில் அந்த உப்பு அலமாரி மேலும் படிகிறது; புத்தகத்தின் மேலும் படிகிறது. ஈரம் வந்தால் பூஞ்சணம் வரும். அதன் பின்னாலேயே பூச்சி வரும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வீடு நிறையப் புத்தகம் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற வாத்தியார் என்றே இருக்கட்டும். முதலில் ஒரு அலமாரி. பிறகு பரண். பிறகு கட்டிலுக்கு அடியில். கடைசியில் அரிசி டின்னுக்குப் பின்னாலும் புத்தகம்!

"பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் எங்கே படுக்கும்? கொஞ்சம் குறையுங்களேன்" என்கிறார் மனைவி.

"எதைக் குறைப்பது? எல்லாம் வேண்டியதுதான்."

"இதே புத்தகம் இரண்டு இருக்கிறதே. இரண்டும் வேண்டியதுதானா?"

வாத்தியார் வாய் திறக்கவில்லை. ஒன்று இருப்பது தெரியாமலே இன்னொன்றை வாங்கியிருக்கிறார்!

இந்த வழக்கில் நியாயம் அம்மா பக்கம்தான். இருப்பது தெரியாத புத்தகம் இல்லாத புத்தகமே.

சேர்த்தவர் போன பிறகு...

புத்தகத்தைக் குறைக்கும் வேலையைச் சேர்த்தவரே செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள். மகன் ஒரு ஊரில் வேலை. மகள் வேறு ஊரில் குடித்தனம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் நாலு நாளில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்து நிற்பார். அவர்மேல் குற்றம் இல்லை. பிள்ளைகள்மேலும் பெரிய குற்றம் இல்லை. எது பொன், எது பதர் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஓலைச்சுவடிகளுக்கு நேர்ந்த கதியும் இதுதான். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்ன வீடுகள் உண்டு. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் துடித்துப் போனார். போட்டவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. அதில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்!

தப்பிய ஏடுகளைக் கொண்டு ஐயர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்டார். அதில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் நூல். அதில் எயிற்பட்டினம் என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது இந்த மரக்காணம்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. யாரோ ஒருவர் பரணிலிருந்து இறக்கி ஒரு சுவடியைக் கொடுத்திராவிட்டால், உப்பளக்காரர்களின் ஊருக்கு அந்தப் பழம்பெருமை ஏது?

கோட்டையூர்க்காரரின் புத்தகங்கள்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். கையில் கிடைத்த காசுக்கெல்லாம் பழைய நூல் வாங்கினார். சுமார் 50,000 புத்தகங்கள் சேர்ந்தன. பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள்கூட அவர் வீட்டில் இருந்தன. மற்றவர்கள் குப்பை என்று எறிந்ததை அவர் எடுத்து வைத்தார்.

1992-ல் அவர் காலமானார். அத்தனையும் சிதறிப் போயிருக்கலாம். நல்ல வேளை! அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியதோடு கப்பலில் ஏற்றிவிடவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டாயிற்று. இப்போது அது தரமணியில் இருக்கிறது.

எல்லார் வீட்டுக்கும் சிகாகோ வராது. அது வாத்தியாருக்கும் தெரியும். ஆகவே அவர் உயிரோடிருக்கும்போதே உட்கார்ந்து பிரிக்கட்டும். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தால் வேலை சீக்கிரம் முடியும்!

எது போகலாம்? இரண்டு பிரதி இருந்தால் ஒன்று போகலாம். பழைய பரீட்சை நோட்ஸ் போகலாம். எந்தக் கடையிலும் இன்றும் கிடைக்கிற புத்தகம் தாராளமாகப் போகலாம். வேண்டுமானால் நாளை வாங்கிக்கொள்ளலாம்.

அவசரப்படக் கூடாத சங்கதிகளும் உண்டு. பார்த்தால் கந்தலாக இருக்கும். தாத்தா பைண்டு செய்து வைத்த தொடர்கதை, ஊர்த் திருவிழா நோட்டீசு, பள்ளிக்கூட ஆண்டு மலர், சின்ன அச்சகத்தில் போட்ட பாட்டுப் புத்தகம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தது. மணியம் வரைந்த படங்களோடு அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ! அதைக் கிலோக் கணக்கில் போடுகிறவர் பிறகு வருத்தப்படுவார்.

கொடுப்பதிலும் ஒரு மரியாதை வேண்டும். கரையான் அரித்ததை மூட்டை கட்டி நூலக வாசலில் வைப்பது தானம் ஆகாது. முதலில் ஒரு பட்டியல் எழுத வேண்டும். நூலகரிடம் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அவர் நாலு புத்தகத்தைத்தான் எடுத்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கும் இடம் வேண்டாமா?

அந்த நூலகம் அந்நியர் வீடும் அல்ல. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். மரக்காணத்து வாத்தியாரும் கட்டுகிறார். பரணில் இருந்தால் அவர் புத்தகத்தை அவர்கூடப் படிப்பதில்லை. அங்கே போனால் உப்பளத்தில் வேலை செய்கிறவர் வீட்டுப் பெண் எடுத்துப் படிக்கலாம்.

1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கனகசபைப் பிள்ளை தொடங்கிய நடமாடும் நூலகம் அது. வண்டி கட்டிப் புத்தகம் கொடுத்த நாட்டில், ஒரு பை நிறையப் புத்தகத்தை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோக என்ன தயக்கம்?

வாத்தியாரின் தயக்கமும் நியாயமானதுதான். சிகரெட் பிடிக்காமல், சினிமாவுக்குப் போகாமல் வாங்கிய புத்தகங்கள் அவை. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் தேதி எழுதியிருக்கிறார். அதனால்தான் அவர் கையாலேயே கொடுக்க வேண்டும் என்பது. உயிரானதை ஒரு வரிசை வைத்துக்கொள்ளட்டும். அதை யாரும் கேட்கப் போவதில்லை.

தள்ளிப்போட மட்டும் நேரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் தண்ணீருக்குள் போயின. அந்த மாதிரி இரவில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் புத்தகம்தான் முதலில் நனையும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களைப் பனை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுவார்கள். வாத்தியாரும் அதே வாரத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். பட்டியல் எழுத ஒரு பழைய நோட்டுப் போதும். அதுவும் அங்கேயே கிடைக்கும்!