பூங்காவுக்குப் போன தோட்டம்

எங்கள் சுங்கை வே வட்டாரத்துச் சிற்றாறு பெஞ்சாலா ஆற்றில் சேர்கிறது. பெஞ்சாலா, புக்கிட் கியாரா குன்றில் பிறந்து பெட்டாலிங் ஜெயாவைக் கடந்து கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. இங்கே கான்கிரீட் கால்வாயாகக் கிடக்கும் நீருக்கு அங்கே காடு இருக்கிறது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை.

அந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டியவர்களில் நம்மவர்கள் அதிகம். பொதுப் பூங்காவுக்கென அரசாங்கம் தோட்டத்தைக் கையகப்படுத்தியது. (அதில் ஒரு பகுதி பிற்பாடு கோல்ஃப் திடலாகவும் குதிரையேற்ற கிளப்பாகவும் ஆனது தனிக்கதை.)

1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, நிலத்தில் உரிமை உள்ளவருக்கே இழப்பீடு. உரிமையாளர் விடும்வரை தங்கியிருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். லயத்தில் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் பட்டா இல்லையே! 1980களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பங்கள் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு வரும் என்றார்கள். வரவில்லை.

2017இல் அந்த வீடு வேறு உருவத்தில் வந்தது. தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் 25 ஏக்கரில் ஏறக்குறைய 12 ஏக்கரில், எட்டு உயர்மாடி சொகுசுக் கட்டடங்கள். கூடவே 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்று. கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி வழங்கியது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி, 2021இல் மேல்முறையீட்டில் வெற்றி. 18.4.2023 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அனுமதி செல்லாது என்றது. மாநகரின் கட்டமைப்புத் திட்டத்தை டத்தோ பண்டார் நினைத்தபடி ஒதுக்கிவிட முடியாது, விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

"பணக்காரர்கள் நம் ஏழைகளின் வீட்டைத் தடுத்துவிட்டார்கள்" என்று சிலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில ஏக்கரில் முடிந்திருக்க வேண்டிய பழைய வாக்குறுதியின் முதுகில் எட்டுக் கோபுரங்களை ஏற்றியது வழக்குப் போட்டவர்களா?

உங்கள் வட்டாரத் திடலில் திட்ட அறிவிப்புப் பலகை ஊன்றினால், ஆட்சேபத்துக்கான கடைசித் தேதியை முதலில் படம் பிடித்து வையுங்கள். அந்தத் தேதி சீக்கிரம் வந்துவிடும்.