பிடுங்காதே, கடைசி வரியைப் படி!

“மாமா, ரெண்டு மணி நேரமா ஒரே வரியவே திரும்பத் திரும்பக் காட்டுது. கம்ப்யூட்டர் சிக்கிக்கிச்சு போல. வயரைப் பிடுங்கிடட்டுமா?”

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு அக்கா மகனிடமிருந்து வந்த அழைப்பு இது. என் அப்பா பல ஆண்டுகளாக எடுத்த குடும்பப் படங்கள் ஒரு பழைய வன்தட்டில் இருந்தன. வேறு நகல் கிடையாது. அவற்றைப் புதிய வன்தட்டுக்கு மாற்ற, விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘ரோபோகாப்பி’யை ஓட விட்டிருந்தான்.

“வயர்ல கை வைக்காதே. கடைசி வரியில என்ன இருக்குன்னு படி” என்றேன்.

“எரர்... 30 விநாடி காத்திருக்கிறதா போட்டிருக்கு மாமா.”

விஷயம் புரிந்துவிட்டது. ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடி காத்திருந்து மறுபடியும் முயலும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு மில்லியன் முறை முயலும்! கணக்குப் போட்டால், கெட்டுப்போன ஒரே படத்துக்காக ஏறக்குறைய ஓராண்டு. கணினி சிக்கவில்லை, சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

எழுதிக்கொண்டிருக்கும் வன்தட்டின் வயரைப் பிடுங்கினால் நல்ல படங்களும் கெடலாம். கண்ட்ரோல் விசையோடு ‘சி’யை அழுத்தி நிறுத்துங்கள். பிறகு அதே கட்டளையின் முடிவில் ‘/ஆர்:2 /டபிள்யூ:5’ என்று ஆங்கில எழுத்துகளில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு முறை, ஐந்து விநாடி இடைவெளியில் முயன்றுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும். ஏற்கெனவே மாற்றியவற்றைத் தாண்டிச் செல்வதால் நேரமும் வீணாகாது.

இன்னொரு குழப்பம், திரையில் ஓடும் விழுக்காடு. 100 என்று வந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது அந்த ஒரு கோப்புக்கு மட்டுமே. மொத்தக் கணக்கு வேண்டுமானால், தொடங்கும் முன்பு அதே கட்டளையில் ‘/எல்’ சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். எதையும் நகலெடுக்காது, பட்டியல் மட்டும் போட்டு மொத்த எண்ணிக்கையைச் சொல்லும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால், புதிய கோப்புறையில் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேக் கணினியில் ‘சிபி’ கட்டளை ஓடும்போது, கண்ட்ரோல் விசையோடு ‘டி’யை அழுத்தினால் எந்தக் கோப்பில் நிற்கிறது என்று காட்டும்.

எல்லாம் முடிந்ததும் ரோபோகாப்பி ஓர் அட்டவணை தரும். அதில் ‘ஃபெயில்ட்’ என்ற பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே பூச்சியம் இருந்தால் நிம்மதி.

அன்றிரவு அங்கே 3 என்று இருந்தது. ஆயிரக்கணக்கான படங்களில் மூன்றுதான் போயின. எவை என்றும் திரையிலேயே இருந்தது. காலையில் அப்பாவிடம் சொன்னோம்.

“மத்ததெல்லாம் இருக்குல்ல? இன்னொரு நகலும் எடுத்து வைங்கப்பா” என்றார்.

பழைய வன்தட்டை இன்னும் அழிக்கவில்லை. நீங்களும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.